ஊரப்பாக்கத்துப் பொக்லைன்

“வண்டியில கோளாறு இல்ல மேடம். ஓட்டறவன்கிட்டதான் கோளாறு. அதை நீங்க பாத்துட்டு வந்து என்கிட்ட சொல்லணும், அவ்வளவுதான்.”

போனில் ஊரப்பாக்கத்துக் கட்டடக் காண்ட்ராக்டர் ஒருவர் இப்படித்தான் ஆரம்பித்தார். வழக்கமாக எனக்கு வரும் அழைப்புகள் வேறு மாதிரி இருக்கும். டிஸ்ப்ளே வரவில்லை, எஞ்சின் வேகம் ஏறவில்லை, எரர் போகவே மாட்டேன் என்கிறது என்பார்கள். மனிதனைச் சோதிக்கச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அப்போதே “அது என் வேலை இல்லை சார்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலையில் வருகிறேன் என்றேன்.

பன்னிரண்டு வருடம் ஒரு சர்வீஸ் பட்டறையில் மண் தோண்டும் இயந்திரங்களின் கண்ட்ரோலர் போர்டுகளை ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். வேலையை விட்ட பிறகு, குரோம்பேட்டையில் வீட்டின் முன்னறையில் ஒரு மேசையையும் சால்டரிங் சாமான்களையும் போட்டுக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கினேன். கம்பெனிக்காரர்கள் “இதுக்கு இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல” என்று கைவிட்ட வண்டிகள்தான் என்னிடம் வரும். அல்லது நான் அவற்றிடம் போவேன். ஒரு பெண் டூல் பையோடு சைட்டில் வந்து இறங்கினால் நாலு பேர் சுற்றி நின்றுகொள்வார்கள். எந்த வயரைத் தொடுகிறேன், எந்த நட்டைக் கழற்றுகிறேன் என்று கண்கொட்டாமல் பார்ப்பார்கள். வேலையைத் தெரிந்துகொள்ள அல்ல, நான் எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று. சந்தேகப்படும் கண்களுக்கு நடுவில் வேலை செய்வது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் நான் செய்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஊரப்பாக்கத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழை இறங்குவதற்குள் குழியை முடித்தாக வேண்டும். பொக்லைன் பழசு, இரண்டு கை மாறி வந்தது. மேலே புது மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். கோளாறு இதுதான்: தோண்டிக்கொண்டே இருக்கும்போது எஞ்சின் ஓடும், ஆனால் பூம் என்கிற நீளக் கை, பக்கெட், சுழற்சி எல்லாம் ஒரே நொடியில் செத்துப்போகும். லீவரை எந்தப் பக்கம் ஆட்டினாலும் அசையாது. ஐந்து பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை செய்யும். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை.

“போன வாரம் இவன் ரெண்டு நாள் லீவு. வேற ஆளைப் போட்டேன். ஒரு தடவைகூட நிக்கல மேடம். இவன் வந்து உக்காந்தான், அன்னிக்கே நின்னுது. இதுக்கு மேல இன்னா வேணும்?” என்றார் காண்ட்ராக்டர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எப்பப் பாத்தாலும் போன்ல பேசிகினே இருக்கான். வேற சைட்டுக்காரன் எவனோ கூப்பிடறான்னு நினைக்கிறேன். இங்க வேலையை இழுத்தடிச்சா நானே போகச் சொல்லிடுவேன்ல?” என்றார்.

அந்த ஆபரேட்டர் ஆறடிக்கு மேல் உயரம். நாற்பது வயது இருக்கும். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வண்டியின் சங்கிலிப் பட்டையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நான் பையைக் கீழே வைத்ததும் சிரிக்காமல் கேட்டார்:

“இன்னா மேடம், வண்டியச் செக் பண்ண வந்துகிறீங்களா, என்னியா?”

“வண்டியைத்தான்” என்றேன்.

“அப்ப நான் ஓட்டறேன், பக்கத்துல நின்னுகினு பாருங்க. எப்பிடி நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.”

அவர் சொன்னது நியாயமான யோசனை. எந்தக் கோளாறும் வரும் இடத்தில், வரும் விதத்தில் பார்க்கவேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். ஆனால் அன்று காண்ட்ராக்டரின் பேச்சு என் காதில் உட்கார்ந்திருந்தது. எனக்காக ஒரு நாடகம் போட்டுக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். “முதல்ல நான் தனியா பாத்துக்கறேன்” என்று சொல்லிக் கேபினில் ஏறினேன்.

சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. எனக்கு ஐந்தடிகூட முழுதாக இல்லை. கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன்.

சீட்டின் இடது பக்கம் சிவப்புப் பிடி போட்ட ஒரு லீவர் இருக்கும். லாக் லீவர் என்பார்கள். ஆபரேட்டர் இறங்கும்போது அதை மேலே தூக்கிவிட வேண்டும். தூக்கினால் அதன் அடியிலுள்ள சுவிட்ச் ஒரு வால்வுக்குப் போகும் கரண்டை நிறுத்தும். பிறகு யார் கை தவறி எந்த லீவரில் பட்டாலும் வண்டி அசையாது. கீழே இறக்கினால் வால்வு ‘டிக்’ என்று திறக்கும், தூக்கினால் அதே ‘டிக்’கோடு மூடும். காண்ட்ராக்டர் சொன்ன கோளாறும் இந்த லீவரைத் தூக்கினால் நடப்பதும் அச்சு அசல் ஒன்று. ஓட்டிக்கொண்டே இடது கையால் லேசாகத் தட்டிவிட்டால் போதும். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

சுவிட்ச்சைச் சோதித்தேன். கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தேன், செம்புக் களிம்பு பச்சையாகப் பூக்கவில்லை. வயரை ஆட்டி ஆட்டி மல்டிமீட்டரைப் பார்த்தேன், ஊசி அளவுகூட மாறவில்லை. பியூஸ், ரிலே, எர்த் எல்லாம் சரி. எஞ்சினைப் போட்டு நானே பூமை ஏற்றி இறக்கி ஒரு மணி நேரம் பார்த்தேன். நிற்கவில்லை. கீழே ஆபரேட்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைக் குற்றமுள்ளவன் பார்வை என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஒரு தந்திரம் செய்தேன். அந்த வால்வுக்குப் போகும் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, கேபினுக்கு வெளியே பின்பக்கம், ஆபரேட்டர் கண்ணில் படாத இடத்தில் ஒரு சின்ன பல்பைக் கட்டினேன். வால்வுக்குக் கரண்ட் போகும்வரை பல்பு எரியும். நின்றால் அணையும், அந்த நொடியே ஓடிப்போய் லீவர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் கட்டினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிமென்ட் மூட்டை அடுக்கின் நிழலில் உட்கார்ந்து பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சார ரயில்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. பதினொன்றரை மணிக்குப் பல்பு அணைந்தது. பக்கெட் பாதி தூக்கிய நிலையில் நின்றது. எழுந்து ஓடினேன். குழியைச் சுற்றிக்கொண்டு கேபின் பக்கம் போய்ச் சேர எனக்கு ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். நான் போனபோது அவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தார். லாக் லீவர் மேலே தூக்கியிருந்தது.

“நின்னுச்சு மேடம், பாருங்க” என்றார்.

நான் லீவரைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். முகம் மாறியது. பின்பக்கம் எட்டிப் பார்த்தவர் கண்ணில் பல்பும் பட்டுவிட்டது.

“திருடனப் புடிக்க வச்சியா?” என்றார். அதுவரை இருந்த மரியாதை போய்விட்டது. “எறங்கறதுன்னா லீவரைத் தூக்கிட்டுத்தான் எறங்கணும். அது கூடவா உனக்குத் தெரியாது?”

தெரியும். இறங்கும் ஆபரேட்டர் லீவரைத் தூக்குவது சரியான பழக்கம். பல்பு அணைந்த பிறகு தூக்கினாரா, தூக்கியதால் அணைந்ததா என்பதுதான் கேள்வி. அந்த இடத்திலிருந்து அதை நான் பார்த்திருக்கவே முடியாது. ஆனால் இரண்டு நாள் தேடி ஒன்றும் கிடைக்காமல் நிற்கும்போது, கிடைத்ததை விடைபோல் எடுத்துக்கொள்ளும் அவசரம் ஒன்று வரும். எனக்கும் வந்தது. அன்று மத்தியானம் காண்ட்ராக்டரிடம் சொன்னேன்:

“வயரிங்ல ஒண்ணும் இல்ல சார். நிக்கும்போது லீவர் மேல இருந்தது. நானே பாத்தேன்.”

‘நானே பாத்தேன்’ என்ற சொல்லைச் சொன்னது நான்தான். அவர் கேட்கக்கூட இல்லை.

அன்று சாயங்காலமே ஆபரேட்டரை அனுப்பிவிட்டார்கள். அத்தோடு விடவில்லை. இந்தப் பக்கத்து வண்டி உரிமையாளர்களும் ஆபரேட்டர்களும் மெக்கானிக்குகளும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில், அவர் படத்தைப் போட்டு, ‘வேணும்னே வண்டியை நிறுத்துற ஆள், யாரும் எடுக்காதீங்க, மேடம் செக் பண்ணி கையும் களவுமா புடிச்சாங்க’ என்று காண்ட்ராக்டர் போட்டார். அந்தக் குரூப்பில் நானும் இருந்தேன். படித்தேன். ஒன்றும் எழுதவில்லை. கீழே வந்த கட்டைவிரல்களை எண்ணிப் பார்த்தேனா என்றால், ஆமாம், பார்த்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

புது ஆபரேட்டர் வந்தார். வண்டி மூன்று வாரம் நிற்காமல் ஓடியது. காண்ட்ராக்டர் போன் போட்டு, “பாத்தீங்களா மேடம்?” என்றார். வேறென்ன சாட்சி வேண்டும்?

மழை தொடங்கிய பிறகு மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை கண்ணாடி வைப்பர் வேலை செய்யவில்லை. சின்ன வேலை. சைட் முழுக்கச் சேறு. வைப்பர் வயர் கேபின் தரைத் தகட்டுக்கு அடியில் போகிறது. தகட்டைக் கழற்ற இடம் வேண்டும். சாவியைப் போட்டு, லாக் லீவர் கீழே இருந்தபடியே, சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளினேன்.

‘டிக்.’

லீவரைத் தொடாமலே வால்வு மூடியது முதலில் எனக்குப் புரியவில்லை. சீட்டை முன்னால் இழுத்தேன். மறுபடி ‘டிக்.’ பின்னால் தள்ளினேன். சத்தம் வரவில்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்து முதுகை அழுத்திச் சாய்ந்தேன். ‘டிக்.’ நான் யாரும் இல்லாத கேபினில், மழை கூரையில் அடிக்க, பைத்தியக்காரி மாதிரி சீட்டை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இந்த வண்டியில் லாக் லீவர் பொருத்திய பெட்டி சீட்டோடு சேர்ந்து நகரும். அதிலிருந்து தரைக்குள் போகும் வயர்கள் சீட் நகரும் அளவுக்குத் தளர்வாக இருக்கவேண்டும். முன்பு எவரோ ஒருவர் ரிப்பேர் பார்த்தபோது அந்த வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி ஒட்டுப்போட்டிருந்தார். அதில் நாலு விரல்கடை நீளம் குறைந்துவிட்டது. ஒட்டுக்குப் பக்கத்தில் செம்பு இழைகள் உள்ளுக்குள்ளேயே அறுந்து, வெளித்தோல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. சீட் முன்னால் இருந்தால் வயர் தளர்ந்து இழைகள் தொட்டுக்கொள்ளும். கடைசி வரை பின்னால் தள்ளி, உயரமான ஒருவர் சாய்ந்து உட்கார்ந்து, வண்டியும் குலுங்கினால், வயர் இழுபட்டு இழைகள் விலகும். அவர் என்னவாயிற்று என்று பார்க்க எழுந்தால், மறுபடி தொட்டுக்கொள்ளும்.

அவர் லீவில் இருந்து மாற்றாள் ஓட்டியபோது நிற்காததும், புது ஆள் ஓட்டியபோது நிற்காததும் அவர்கள் அவரளவு உயரமில்லாமல் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டதால்தான். நான் சோதித்தபோது நிற்காததும் அதனால்தான். சோதிக்க ஏறி உட்கார்ந்த முதல் நொடியிலேயே, என் கையாலேயே கோளாறை மறைத்துவிட்டுத்தான் நான் தேடத் தொடங்கியிருக்கிறேன். அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்றிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

வயரை மாற்றினேன். தாராளமாக நீளம் விட்டேன். பிறகு காண்ட்ராக்டரைக் கேபினுக்கு வரச்சொல்லி, பழைய ஒட்டைத் திரும்ப மாட்டி, சீட்டைத் தள்ளிக் காண்பித்தேன். அவர் இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“அவன் உங்களுக்குப் போன் பண்ணானா மேடம்?”

“யாரு?”

“அவன்தான். வந்து அழுதானா? நீங்க பாவம் பாத்து...”

“சார், நீங்களே இப்பத் தள்ளிப் பாத்தீங்க.”

“பாத்தேன். மூணு வாரமா இல்லாத கட் இப்ப எப்படி வந்துச்சுன்னும் யோசிக்கறேன்.” சேற்றில் இறங்கிச் செருப்பை உதறினார். “சரி பண்ணிட்டீங்கல்ல? விடுங்க. இப்பப் போய் அவனைக் கூப்பிட்டா என் தலைமேல ஏறி உக்காருவான்.”

வயரை நானே வெட்டியிருப்பேன் என்று அவர் நினைக்கிறார் என்பது கேட் வரை நடந்து வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த உயர ஆபரேட்டர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன். குரூப்பில் அந்தப் படம் வந்த பிறகு யாரும் வண்டி தரவில்லையாம். சொந்த ஊர்ப் பக்கம், சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் பாரம் ஏற்றி இறக்கும் சின்ன வண்டி ஓட்டுகிறார் என்றார்கள். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் ரயிலேறினேன்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். கிட்டே வரவில்லை.

“இன்னா மேடம்? அங்க புச்சா இன்னாவாச்சும் ஒடஞ்சிச்சா? அதையும் என் பேர்ல எழுதணுமா?”

“இல்லை. கோளாறு கிடைச்சிடுச்சு. வயர்தான். சீட்டுக்குக் கீழ. உங்க மேல தப்பில்ல.”

நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவர் என் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று இரண்டு தடவை சாலையைப் பார்த்தார். என் கையிலிருந்த போனையும் பார்த்தார். ரெக்கார்டு செய்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். போனைப் பைக்குள் வைத்தேன்.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நான் லீவரைத் தூக்கினத நீங்க பாத்தீங்களா?”

“இல்லை.”

“அப்ப பாத்தேன்னு ஏன் சொன்னீங்க?”

மேடு பள்ளமான அந்தச் சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வரும் வழியெல்லாம் மன்னிப்புக்கு வார்த்தை யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். இந்தக் கேள்விக்கு யோசித்திருக்கவில்லை.

“வேற ஒண்ணும் கிடைக்கல. உங்கமேல சந்தேகம் ஏற்கெனவே இருந்துச்சு. அதான்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டதாகவோ மன்னித்ததாகவோ இல்லை. ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது போல.

“அந்த ஆள் என்னைக் கூப்ட மாட்டான். கூப்ட்டாலும் நான் போவ மாட்டேன். நீங்க குரூப்ல சொல்லுங்க. என்னைத்தான் அதுலேர்ந்து தூக்கிட்டானுங்க. நீங்க இன்னும் உள்ளதானே கீறீங்க? எழுதாதீங்க. எழுதினா உங்க போனை எடுத்து நான் எழுதினேன்னு சொல்லுவானுங்க. வாயால சொல்லுங்க.”

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உள்ளே போய்விட்டார்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து குரல் செய்தியைப் பதிவு செய்தேன். முதல் தடவை, ‘ஒரு சின்ன தவறு நடந்துடுச்சு’ என்று ஆரம்பித்தேன். கேட்டுப் பார்த்தபோது எனக்கே யாரோ அதிகாரி பேசுவதுபோல் இருந்தது. அழித்தேன். இரண்டாவது தடவை காண்ட்ராக்டரைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டேன். அதையும் அழித்தேன். மூன்றாவது தடவை நேராகச் சொன்னேன்: இந்த ஆபரேட்டர் வண்டியை நிறுத்தவில்லை, வயர் அறுந்திருந்தது, நான் சரியாகச் சோதிக்கவில்லை, பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னேன். அனுப்பிவிட்டேன். ஒரு ரயில் வந்து போனதுகூடத் தெரியவில்லை.

குரோம்பேட்டை வருவதற்குள் பதில்கள் வந்துவிட்டன. ஒருவர், ‘நல்ல மனசு மேடம்’ என்றார். ஒருவர், ‘அவன் எவ்ளோ குடுத்தான்?’ என்றார். ‘அப்போ எங்க வண்டியிலயும் பாக்காமதான் சொன்னீங்களா?’ என்று ஒரு உரிமையாளர் கேட்டிருந்தார். அவர் வண்டியில் போன வருடம் ஒரு கண்ட்ரோலரை மாற்றச் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டை எடுத்து அந்த வண்டிக்கு என்னென்ன அளந்தேன் என்று தேடினேன். அளவுகள் எல்லாம் இருந்தன. சரியாகத்தான் செய்திருக்கிறேன். ஆனாலும் அன்றிரவு ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன். அந்த முடிவையும் யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் எடுத்தேனோ என்று என்மேலேயே எனக்கு நம்பிக்கை போயிருந்தது.

காண்ட்ராக்டர் குரூப்பில் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார். இன்னும் இரண்டு பேரும் நிறுத்தினார்கள். மழைக்காலம் முழுக்க வேலை குறைவாகத்தான் இருந்தது. தை பிறந்த பிறகு மறைமலை நகர் பக்கம் ஒரு சைட்டில் அந்த ஆபரேட்டர் மறுபடி பொக்லைன் ஓட்டுவதாக வேறொரு மெக்கானிக் சொன்னார். என் செய்தியைக் கேட்டுத்தான் எடுத்தார்களா, ஆள் கிடைக்காமல் எடுத்தார்களா, தெரியாது. கேட்கவும் இல்லை.

அதன்பிறகு ஒரே ஒரு முறை அவரைப் பார்த்தேன். தாம்பரம் ஸ்டேஷனில், எதிர் பிளாட்பாரத்தில், மனைவியோடு நின்றுகொண்டிருந்தார். கூட்டத்துக்கு மேலே அவர் தலை தனியாகத் தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். கையை ஆட்டலாமா என்று தோன்றியது. ஆட்டவில்லை. அவர் குனிந்து மனைவியிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெண் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார், தலையிலிருந்து கால் வரை, அவசரமில்லாமல். ‘என் வேலையைக் கெடுத்த பொம்பளை’ என்று சொல்லியிருக்கலாம். ‘தேடி வந்து சொன்ன பொம்பளை’ என்றும் சொல்லியிருக்கலாம். அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. நடுவில் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகும் வண்டி வந்து நின்றது. நான் ஏறிக்கொண்டேன்.